பொன்னுக்கொரு தராசு! பெண்ணுக்கொரு தராசு!

இரயிலடியில் நின்றிருந்த அந்த எந்திரத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், தோழர்களே! ஆளுயரம் இருக்கும். முகப்பிலே கண்ணாடி, கண்ணாடிக்குள்ளே சுழலும் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி மின்னி மின்னி அணையும் வண்ண விளக்குகள். ஏறி நின்று காசு ஒன்றைப் போட்டால் உள்ளே ஏதோ கடகடவென உருளும். சின்னஞ்சிறு அட்டை ஒன்று வந்து விழும். அட்டையிலே எடை அச்சிடப்பட்டிருக்கும். எடையோடு நின்றதா? இல்லை! நல்ல காலம் நெருங்குகிறது, நண்பர் ஒருவரால் நன்மை உண்டு என்று பலனும் அச்சிடப்பட்டிருக்கும்!

தராசு, அறிவியல் ஈன்ற கருவி. பலனோ, அறியாமை ஈன்ற பிள்ளை. ஒன்று அளந்து பேசும். மற்றொன்று அளந்து விடும்! இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி, ஒரே காசுக்கு விற்றார்களே, அந்தத் துணிவை என்னென்பது!

அந்த எந்திரங்கள் இன்று அருகிவிட்டன. தாம்பரம் நடைமேடையில் மின்வண்டிக்குக் காத்திருப்போர் கையிலே கைப்பேசி. வீட்டுக் குளியலறை வாசலிலே தட்டையான கண்ணாடித் தராசு. ஏறியவுடன் கைப்பேசியில் எண் வந்து விழுகிறது. எந்திரம் மாறிற்று. ஆனால் அட்டை மாறிற்றா? மாறவில்லை என்கிறோம் நாம். பெண்ணின் கையில் இன்றும் எடையோடு ஒட்டித்தான் பலன் தரப்படுகிறது. ஆடவன் எடை பார்த்தால் அவன் எடை தெரிகிறது. பெண் எடை பார்த்தால் அவள் எதிர்காலமே தெரிகிறதாம்! "கொஞ்சம் இளைத்தால் வரன் அமையும்" என்கிறாள் அத்தை. "எலும்பும் தோலுமாய் இருந்தால் புகுந்த வீட்டிலே என்ன சொல்வார்கள்?" என்கிறாள் பாட்டி. "பிள்ளை பெற்றதும் பெருத்துவிட்டாய்" என்கிறான், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன். இளைத்தாலும் குற்றம், பெருத்தாலும் குற்றம். இது எடையா, ஏழரை நாட்டுச் சனியா?

தராசு இந்நாட்டுக்குப் புதிதன்று. நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவருக்குத் தராசுதான் கிடைத்தது. மன்னர்கள் தராசுத் தட்டில் ஏறி அமர்ந்தனர். எதிர்த்தட்டிலே பொன் குவிந்தது. துலாபாரம் என்று பெயரிட்டனர். அங்கே மன்னன் கனக்கக் கனக்கப் புகழ். இங்கே மணப்பந்தலுக்கு வாருங்கள். இங்கும் பொன் நிறுக்கப்படுகிறது, பெண்ணும் நிறுக்கப்படுகிறாள். ஆனால் என்ன விந்தை! பொன் கூட வேண்டும். பெண் குறைய வேண்டும்!

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சவரன் 8 கிராம். நூறு சவரன் நகை என்றாலும் 800 கிராம். ஒரு கிலோவைக்கூட எட்டாது. அந்த 800 கிராம் அவள் கழுத்திலே கூடினால் குடும்பத்துக்குப் பெருமை. அதே 800 கிராம் அவள் உடலிலே கூடினால் குடும்பத்துக்குக் கவலை! வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. பொன்னை நிறுக்கும் தராசுக்குச் சட்டமாவது ஒன்று உண்டு, ஏட்டளவிலே! பெண்ணை நிறுக்கும் இந்தத் தராசுக்கு எந்தச் சட்டம் உண்டு?

ஊரைப் பழிக்குமுன் நம்மைப் பழித்துக்கொள்வோம். நாம் ஆசிரியர்கள். புறநகர்ப் பள்ளி ஒன்றிலே உயரமும் எடையும் எடுக்கும் நாள் அது. வகுப்பறை மூலையிலே தராசு. அதன் முன்னே ஒன்பதாம் வகுப்பு மாணவியர் வரிசை. ஒருத்தி வளையலைக் கழற்றுகிறாள். ஒருத்தி தலைப்பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள், முடியின் கனம் குறையட்டும் என்று! எண்ணைப் பார்த்து ஒருவர் உரக்கச் சொல்ல, ஏட்டிலே மற்றொருவர் எழுதினோம். ஆம், சொன்னவரும் நாம், எழுதியவரும் நாம். "58" என்றோம். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். "36" என்றோம். "கொடிபோல இருக்கிறாள்" என்று புகழ்ந்தோம்.

என்ன நேர்ந்தது? 58 என்று அழைக்கப்பட்டவள், மறுநாள் முதல் சத்துணவு முட்டையைப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிட்டாள். காலையிலே பட்டினி கிடந்து வந்தாள். கொடி என்று புகழப்பட்டவளோ, இரண்டு வாரம் கழித்து, காலை வணக்கக் கூட்டத்திலே கொடிபோலவே சாய்ந்தாள். குருதியைச் சோதித்தார்கள். 12 கிராம் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 7 கிராம் இருந்தது! நம் தராசு அதைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நோயை அழகு என்றோம்; வளர்ச்சியைக் கேலிக்கு விட்டோம். அன்று அந்த ஏட்டை மூடியபோது நமக்கு நாணமாக இருந்தது. அந்த நாணமே இக்கட்டுரை.

அப்படியானால் தராசை உடைத்தெறிவதா? எடையே பார்க்காதே என்பதா? அவசரப்படாதீர்கள். நம்மோடு மின்வண்டியிலே ஒரே ஒரு நிலையம் வாருங்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் வண்டி முதலிலே நிற்கும் இடம், தாம்பரம் சானடோரியம். நிலையத்துக்கு அந்தப் பெயரைத் தந்தது 1928இல் மருத்துவர் சவுரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவ இல்லம். 1937இல் அரசு அதை ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. காசநோய்க் கிருமியை 1882இலேயே கண்டுவிட்டார் இராபர்ட் காக். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிட்டியது 1940களிலேதான். அதுவரை ஓய்வும் காற்றும் உணவுமே மருந்து. நோயாளி தேறுகிறாரா, தேய்கிறாரா என்று காட்டிய கருவிகளில் முதன்மையானது எது? தராசு! அங்கே தராசிலே ஏறியவர்கள் முள் மேலே போகாதா என்று ஏங்கினார்கள். அரைக்கிலோ கூடினால் பிழைக்கும் நம்பிக்கை அரைப்பங்கு கூடிற்று.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள், தோழர்களே! ஒன்றிலே எடையோடு சோதிடம் விற்றார்கள். மற்றொன்றிலே எடையைக்கொண்டு உயிரைக் காத்தார்கள். தராசு ஒன்றுதான். எவர் கையிலே, எதற்காக என்பதுதான் வேறு.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023இல் வெளிவந்த ஆய்வைச் சொல்கிறோம். சார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், நம் சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டு நடத்திய ஆய்வு அது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் அடங்கிய உணவுப் பொதி வழங்கினார்கள். சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது! அவர்கள் வீட்டாருக்கும் உணவு தந்தபோது, அவ்வீடுகளில் புதிதாய் நோய் பற்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 40 கிலோ உள்ள ஒருத்திக்கு 5 பங்கு என்றால் எவ்வளவு? இரண்டே கிலோ! வரன் பார்க்க வந்தவர்கள் "குறைத்தால் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதே இரண்டு கிலோ!

தமிழ்நாட்டிலும் 2022 முதல், காசநோய் இறப்பிலாத் திட்டத்தின்கீழ், நோயாளி வந்தவுடனே எடையும் உயரமும் பார்க்கிறார்கள். மூச்சு எண்ணிக்கை பார்க்கிறார்கள். குருதியிலே உயிர்வளி பார்க்கிறார்கள். துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையிலே சேர்க்கிறார்கள். "கொடிபோல" என்று அங்கே எவரும் புகழ்வதில்லை!

எடை ஒன்றே போதுமா என்று கேட்டாலோ, அதற்கும் விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. 1956இல் இங்கே நிறுவப்பட்ட ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவ இல்லத்திலும், மறு பிரிவினருக்கு அவர்கள் குடிசையிலுமே மருந்து தந்தது. 1959இல் முடிவு வந்தது. மருத்துவ இல்லத்தில் இருந்தவர்கள் நன்கு உண்டார்கள், ஓய்ந்திருந்தார்கள், எடையும் மிகுதியாகக் கூடினார்கள். ஆனால் வீட்டிலே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு நலம் பெற்றார்கள்! உணவு உயிருக்கு அரண். ஆயினும் மருந்தின் வேலையை எடை செய்துவிடாது. ஆகவே சொல்கிறோம்: எடை, சாட்சி, நீதிபதி அன்று! சாட்சியைக் கூண்டிலே ஏற்றிக் கேளுங்கள். நீதிபதியின் நாற்காலியிலே உட்காரவைக்காதீர்கள்.

சாட்சியைக் கேட்கத் தெரிந்த பெண்கள் இந்நாட்டிலே இருந்தார்கள். 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டிலே தொடங்கிற்று ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். சிற்றூர்தோறும் பெண் பணியாளர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாதந்தோறும் எடை. ஒரு நாள் எண்ணை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மாதத்துக்கு மாதம் புள்ளி வைத்து, கோடு இழுத்து, கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, சரிகிறதா என்று பார்த்தார்கள். சரிந்த குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் சத்துணவு; கோடு நிமிர்ந்ததும் நிறுத்தினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. எழுத்தறியாத தாயும் அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றாள். சாதகக் கட்டத்தைப் பார்த்துப் பிள்ளையின் ஆயுளைக் கேட்ட நாட்டிலே, வளர்ச்சிக் கோட்டைப் பார்த்துப் பிள்ளையின் ஆயுளைக் காத்தாள் தாய்! பகுத்தறிவு என்று மேடையிலே முழங்குகிறோமே, அந்தத் தாய் கையிலிருந்த அட்டைதான் அதன் பாடப்புத்தகம்.

பிள்ளைக்குக் கோடு போட்டுப் பார்த்தவள், தனக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டாளா? இல்லை! அங்கேதான் நம் வழக்கு.

எண் என்ன சொல்லும், என்ன சொல்லாது? தராசு காட்டுவது எலும்பு, தசை, கொழுப்பு, நீர், அன்று உண்ட சோறு எல்லாம் சேர்ந்த மொத்தம். உப்பு மிகுந்த உணவு உண்டாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் உடலிலே நீர் தங்கும், முள் ஏறும். காலைக்கும் மாலைக்குமே ஒரு கிலோ வேறுபடும். அதைக் கண்டு அழுகின்ற தங்கையே, நீ அழுவது ஒரு செம்புத் தண்ணீருக்காக!

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்ப்பது சற்று மேலானது. கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் அது. 150 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 20, நலமான அளவு. அவளே 36 கிலோ என்றால் 16, ஆபத்து. 18.5க்குக் கீழே குறைவு. நம்மைப்போன்ற ஆசிய மக்களுக்கு 23க்கு மேலே எச்சரிக்கை வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இல் கூறினார்கள். இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டிலே வகுத்த பெல்ஜிய அறிஞர் கெட்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியத்தான் வகுத்தார். ஒருத்தியை நிறுத்திவைத்துப் பழிக்க அன்று. இக்கணக்கும் தசையைக் கொழுப்பிலிருந்து பிரித்துக் காட்டாது. அதனாலேயே இடுப்பளவும் பாருங்கள் என்கிறார்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் குருதியைப் பார்க்காது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டைப்பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் அளவுக்கு மிகுந்த எடையுள்ளோர் 40.4 விழுக்காடு, 2015-16இல் அது 30.9. எடை குறைந்தோர் 12.6. குருதிச்சோகை உள்ளோர் 53.4! ஒப்பிட்டுப் பாருங்கள், எடை குறைந்தோரைவிடக் குருதிச்சோகை உள்ளோர் மிகப் பலர். பொருள் என்ன? மெலியாதவள் உடலிலும் குருதி குறையும்! ஆடு கொழுத்திருக்கிறது என்று மகிழும் இடையன்போல, உடலைப் பார்த்து "நன்றாக இருக்கிறாய்" என்கிறோம். உள்ளே அவள் வெளுத்துப்போயிருக்கிறாள்.

ஒரே நாட்டிலே, ஒரே உடலிலே, மிகையும் குறையும் எப்படிக் குடியேறின? அடுப்பங்கரைக்கு வாருங்கள், சொல்கிறோம். எல்லோரும் உண்டபின் உண்பவள் அவள். மீன் துண்டு மகனுக்கு, முட்டை கணவனுக்கு, கீரை மாமனாருக்கு. மிஞ்சியது? சோறும் குழம்பின் அடியும். "வீணாக்கக் கூடாது" என்று அதை வழித்து உண்கிறாள். சோறு உடலைப் பெருக்குகிறது. இரும்புச்சத்து இல்லாமையால் குருதி வறள்கிறது. இது விதியன்று, பந்தி வரிசை! பந்தியிலே சாதி பார்ப்பதை எதிர்த்துப் போராடிய நாடு இது. வீட்டுக்குள்ளே நடக்கும் இந்தப் பந்தி வஞ்சனையை எதிர்த்து நாம் என்ன செய்தோம்?

1984இல் சானடோரியத்தை அடுத்து அமைந்தது ஏற்றுமதி வளாகம். காலை வண்டியிலே அங்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தனக்கென்று ஒரு இட்டிலி தின்ன நேரமின்றி ஓடிவருகிறார்கள். அவர்களிடம், தின்ற தட்டைக் கழுவாத கணவன் கூறுகிறான்: "நீ நடைப்பயிற்சி செய்ய வேண்டும்!" நடைப்பயிற்சி நல்லதுதான். அதற்கு அரைமணி நேரம் வேண்டுமே, அதை எவன் தருவான்?

இங்கே நுழைகிறான் வணிகன். மாதத்துக்குப் பத்துக் கிலோ குறைப்போம் என்கிறது சாலையோர விளம்பரம். மாவுப் பொட்டலம் விற்கிறான், இடுப்புக்கச்சை விற்கிறான், முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் காட்டுகிறான். அன்று பரிகாரம் சொன்னவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அவன் கிரகத்தைக் காட்டி அச்சுறுத்தினான். இவன் கிலோவைக் காட்டி அச்சுறுத்துகிறான். அச்சம்தான் இருவருக்கும் மூலதனம்.

"எடை கூடினால் கேடில்லை என்கிறீர்களா?" என்று கேட்பார்கள் சிலர். கேடு உண்டு. நீரிழிவுக்கும் குருதிக் கொதிப்புக்கும் மிகை எடை வழி திறக்கும். அதை மறைப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். ஆனால் கேலி நோய் தீர்க்குமா? நாணிக் கூசியவள் மருத்துவரிடம் போகாள், தராசிலே ஏறாள், ஒளிவாள். ஒளிந்தவள் உடலிலே நோய் ஓசையின்றி வளரும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த வாசலிலே முதலில் உட்கார வேண்டியவள், "நான் பிறகு" என்று தேநீர் போட உள்ளே போகிறாளே, அவளை வெளியே அழைத்து வாருங்கள்!

என்ன செய்யலாம்? நாம் செய்யத் தொடங்கியதைச் சொல்கிறோம். எண்ணை உரக்கச் சொல்வதை நிறுத்தினோம். தனி அறையிலே, ஒருவருக்குப்பின் ஒருவராக, எடையும் உயரமும் பார்த்து, அவளிடமே எழுதித் தருகிறோம். ஆறு மாதத்துக்கொரு புள்ளி வைத்துக் கோடு இழுக்கக் கற்றுத்தருகிறோம். 2013 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள வாராந்தர இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பைக்கூடைக்குப் போகவிடாமல் எதிரே நின்று பார்க்கிறோம். உடலைக் கேலி செய்யும் மாணவனுக்கு, 53.4 என்ற எண்ணைக் கரும்பலகையிலே எழுதி, "இதிலே உன் அக்காளும் இருக்கலாம்" என்று சொல்கிறோம். சிரிப்பு நின்றுவிடுகிறது.

58 என்று நாம் அழைத்தோமே, அந்த மாணவி முட்டையை மறுபடி உண்ண ஒரு பருவம் பிடித்தது. ஒரு சொல்லிலே நாம் கெடுத்ததைத் திருத்த ஒரு பருவம்!

இளைஞனே, உனக்கும் பங்கு உண்டு. பெண் பார்க்கப் போகும் நாளில், "பெண் சற்றுப் பருமன்" என்று உன் வீட்டார் தொடங்குவார்களே, அங்கே எழுந்து பேசு. மேடையிலே பேசுவது எளிது. அந்தக் கூடத்திலே பேசு! உன் வீட்டுப் பந்தியின் வரிசையை மாற்று. முட்டையை முதலில் தங்கைக்கு வை. தட்டை நீ கழுவு.

தங்கையே, எடை பார். பார்க்காதே என்று நாம் சொல்லமாட்டோம். உன் உயரம் உனக்குத் தெரியட்டும். உன் எடை உனக்குத் தெரியட்டும். உன் ஈமோகுளோபின் உனக்குத் தெரியட்டும். உன் சாதகத்தைப் பத்துப்பேர் அறிவார்கள். உன் குருதியின் அளவை நீயாவது அறிய வேண்டாமா? தராசிலே ஏறு, தலைகுனிந்து அன்று, கண் திறந்து! எண்ணைப் படி, பலனைக் கிழித்தெறி!